ஹனோயில் ஒரு நாள்: தனியாக வருபவர்கள் அதைக் கெடுத்துக்கொள்ளும் விதங்கள்

வியட்நாமின் ஹாலோங் விரிகுடாவைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தலைநகர் ஹனோயில் எப்படியும் ஒரு நாள் மிஞ்சும். படகு நாளைக்கு இருக்கும், அல்லது விமானம் நாளைக்கு இருக்கும். வேலை நிமித்தம் நான் இந்த ஊரில் இருப்பதால், "அண்ணே, ஒரு நாள் ஃப்ரீயா இருக்கேன், தனியாத்தான் வந்திருக்கேன், என்ன பாக்கலாம்?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சொல்லி அனுப்புவேன். சாயங்காலம் முட்டைக் காபிக் கடையில் உட்கார்ந்து கதை கேட்டால், வந்த புதிதில் நான் பட்ட அதே பாடு ஒன்றுவிடாமல் அப்படியே வரும்.

பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை வீட்டில் அம்மாவே சொல்லி அனுப்பியிருப்பார்.

## ஓட்டல் காலை உணவுக்காகக் காத்திருப்பது

இதைப் பற்றித்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. எத்தனை பேரிடம் சொன்னாலும் தீராத எரிச்சல் இது.

ஹனோய் விடியற்காலை ஊர். ஐந்தரை மணிக்கே ஹோவான் கியெம் ஏரிக்கரையில் கூட்டம் சேர்ந்துவிடும். ஸ்பீக்கரில் பாட்டு வைத்து வரிசையாக ஆடும் பெண்கள், பேட்மிண்டன் அடிக்கும் தாத்தாக்கள், பனியனோடு ஓடுபவர்கள். ஆறு, ஆறரைக்கு ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப் விற்கும் கடைகளின் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல்களில் இடம் இருக்காது. பதினொன்றரைக்கு ஊரே மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும். அப்புறம் ஒரு தூக்கம். எங்கள் அலுவலகத்தில் விளக்கை அணைத்துவிட்டு மேஜைக்கடியில் பாய் விரித்துப் படுப்பார்கள். யாரும் அதை விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? அறை வாடகையிலேயே காலை உணவும் சேர்த்தி, அதை விட மனசு வராது. எட்டரைக்கு எழுந்து, குளித்து, ஆற அமர டோஸ்ட்டும் தர்பூசணியும் சாப்பிட்டு, பத்தரை மணிக்கு பா தின் சதுக்கத்தில் போய் இறங்குகிறார்கள். வியட்நாமின் விடுதலைத் தலைவர் ஹோ சி மின்னின் உடலை வைத்திருக்கும் நினைவகம் அங்கேதான் இருக்கிறது. அது காலையில் மட்டும் திறக்கும் இடம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழரைக்குத் திறந்து பத்தரைக்கு மூடிவிடுவார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை எட்டு முதல் பதினொன்று. சனி, ஞாயிறில் அரை மணி கூடுதல். திங்களும் வெள்ளியும் விடுமுறை. இது போதாதென்று, வருடத்தில் சுமார் இரண்டு மாதம் உடலைப் பராமரிக்கும் வேலைக்காக மொத்தமாக மூடிவிடுவார்கள். அண்மை ஆண்டுகளில் அது ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. பயணத் தேதி அதில் விழுந்தால் முதலிலேயே அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பனின் தம்பி ஒருவன் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். கணக்கு வழக்கில் கெட்டிக்காரன். விமான டிக்கெட்டில் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க இரண்டு மணி நேரம் தேடுகிறவன். வெள்ளிக்கிழமை என்று நான் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை. பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் ஃபோன் வந்தது: "அண்ணே, பூட்டிக் கிடக்குண்ணே." சரி, பின்னாலிருக்கும், ஹோ சி மின் வாழ்ந்த மரவீட்டையாவது பார் என்றேன். அவன் சுற்றி நடந்து வாசலுக்குப் போவதற்குள் பதினொன்று அடித்துவிட்டது. அதையும் மதிய இடைவேளைக்கு மூடிவிட்டார்கள். உச்சி வெயில். அந்தச் சதுக்கத்தில் புல்வெளி உண்டு, நிழல் கிடையாது. அங்கிருந்து டாக்சி பிடித்து ஓட்டலுக்கே போய், ஏசியைப் போட்டுப் படுத்து, நாலு மணிக்கு எழுந்தான். இவ்வளவு தூரம் வந்து அவன் ஹனோயில் அன்று முழுக்கப் பார்த்தது ஓர் ஏரி. அந்த இலவச டோஸ்ட்டின் விலை அது.

குழுவாக வருகிறவர்களை வழிகாட்டி ஆறு மணிக்கே கதவைத் தட்டி எழுப்பிவிடுவார். தனியாக வருகிறவரை எழுப்ப யாரும் இல்லை. முந்தின இரவு பியர்க் கடையில் கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்தால் முடிந்தது கதை.

இத்தனை பாடுபட்டுப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். 1945 செப்டம்பர் 2 அன்று ஹோ சி மின் வியட்நாமின் விடுதலையை அறிவித்தது இந்தச் சதுக்கத்தில்தான். அவர் இறந்ததும் 1969-இல் அதே செப்டம்பர் 2. தேசிய நாளில் துக்கச் செய்தி வேண்டாமென்று 3-ஆம் தேதி என்று அறிவித்து, 1989 வரை அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். தன்னை எரித்துவிட வேண்டும் என்றுதான் அவர் எழுதி வைத்திருந்தார். கட்சி கேட்கவில்லை. 1975-இல் இந்தக் கருங்கல் கட்டடம் திறக்கப்பட்டது.

உள்ளே போகும் முறையைத் தெரிந்துகொண்டு போனால் தடுமாற வேண்டாம். அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும் ஆகாது. பெரிய பையையும் கேமராவையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஃபோன் அணைந்து சட்டைப் பைக்குள் இருக்க வேண்டும். வரிசை பயமுறுத்தும் நீளத்துக்கு இருந்தாலும் நிற்காமல் நகரும். உள்ளே நுழைந்ததும் குளிர் சட்டென்று முகத்தில் அடிக்கும். வெள்ளைச் சீருடைக் காவலர்கள். தொப்பியைக் கழற்ற வேண்டும், கையைக் கட்டக் கூடாது, பாக்கெட்டில் விடவும் கூடாது. பேசினால் முறைப்பார்கள். மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடிப் பேழையைச் சுற்றி நடந்து, நிற்காமல் வெளியே வந்துவிட வேண்டும். சில நிமிடம்தான். ஆனால் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்த பாட்டிகள் வெல்வெட் உடுப்பும் முத்து மாலையுமாக, பழைய ராணுவத்தார் மார்பு நிறையப் பதக்கங்களோடு, எனக்கு முன்னாலும் பின்னாலும் நின்று அந்த வரிசையில் நகர்வதைப் பார்க்கவே நான் திரும்பத் திரும்பப் போவேன்.

ஆக, நாளை இப்படிப் போடுங்கள். ஆறு மணிக்குள் ஏரி. அங்கேயே பக்கத்தில் ஒரு கிண்ணம் ஃபோ. ஏழரைக்கு பா தின் வரிசையில் நில்லுங்கள். வெளியே வந்ததும் அதே வளாகத்தில் மஞ்சள் நிற ஜனாதிபதி மாளிகை தெரியும். பிரெஞ்சு ஆளுநருக்குக் கட்டிய அந்த ஆடம்பரம் ஹோ சி மின்னுக்குப் பிடிக்கவில்லை. 1958-இல் தோட்டத்துக்குள் கட்டிய மரவீட்டுக்குப் போய்விட்டார். அதைப் பார்த்துவிட்டு ஒற்றைத்தூண் பகோடா. 1049-இல் எழுப்பியது, 1954-இல் பிரெஞ்சுப் படை கிளம்பும்போது தகர்த்தது, மறு வருடம் திரும்பக் கட்டியது. அங்கிருந்து இருபது நிமிட நடையில் வான் மியூ என்னும் இலக்கியக் கோயில். பதினொன்றரைக்கு மதியச் சாப்பாடு. வெயில் ஏறிய பிறகு ஹவா லோ சிறை, இப்போது அது அருங்காட்சியகம். அது மதியத்திலும் திறந்திருக்கும், பெரும்பாலும் கூரைக்கடியிலேயே சுற்றலாம்.

## இரண்டு நீல நோட்டுகள்

20,000 டோங் நோட்டும் நீலம், 500,000 டோங் நோட்டும் நீலம். ஒன்று அறுபது, எழுபது ரூபாய். மற்றது ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல். இரண்டிலும் ஹோ சி மின் முகம். இரண்டுக்கும் உயரம் ஒன்றே, பெரியது ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் கூடுதல், அவ்வளவுதான். பர்ஸில் அடுக்கி வைத்தால் மேல் விளிம்பை மட்டும் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. இரவில் டாக்சிக்குள் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு இவை பிளாஸ்டிக் நோட்டுகள், புதிதாக இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வரும்.

நான் பார்த்தவரை பாதிப் பேர் ஏமாற்றப்படுவதில்லை. தாங்களாகவே எடுத்து நீட்டிவிடுகிறார்கள். 500,000 நோட்டுகளைத் தனியாக, வேறு பாக்கெட்டில் வையுங்கள். நீட்டுமுன் சைபரை எண்ணாதீர்கள், அவசரத்தில் கண் ஏமாற்றும். பின்பக்கப் படத்தைப் பாருங்கள். 20,000-இல் ஹோய் ஆனின் கூரைபோட்ட பாலம், 500,000-இல் ஹோ சி மின் சின்ன வயதில் வாழ்ந்த ஓலை வீடு.

கணக்குக்கு: கடைசி மூன்று சைபரை வெட்டிவிட்டு மூன்றால் பெருக்கி, கொஞ்சம் கூட்டிக்கொண்டால் ரூபாய். கடைக்காரர் "ஐம்பது" என்று விரல் காட்டினால் ஐம்பதாயிரம். டாக்சி மீட்டரும் அந்த மூன்று சைபரைக் காட்டாது.

## வான் மியூவைப் பத்து நிமிடத்தில் முடிப்பது

நுழைவாயில் கூரையோடு ஒரு செல்ஃபி, வெளியே. பெரும்பாலோர் இப்படித்தான். 1070-இல் கன்ஃபூசியஸுக்காக எழுப்பிய கோயில் இது. சில வருடத்தில் நாட்டின் உயர்கல்விக்கூடமும் இங்கேயே வந்தது. மூன்றாவது முற்றத்தில் கல் ஆமைகளின் முதுகில் 82 கல்வெட்டுகள் நிற்கின்றன. 1442 முதல் 1779 வரை அரசுத் தேர்வில் தேறியவர்களின் பெயரும் ஊரும் அதில் பொறித்திருக்கும். பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகள் வந்து ஆமைத் தலையைத் தடவித் தடவி அது வழவழப்பாகிவிட்டது. இப்போது தடுப்புப் போட்டுவிட்டார்கள். நம் ஊரில் பரீட்சை சமயத்தில் பிள்ளையார் கோயில் பக்கம் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அங்கே இருக்கும்போது ஒரு 100,000 டோங் நோட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அதிலிருப்பது இந்த இடம்தான்.

## சாலையை ஓடிக் கடப்பது

சென்னைக்காரர்களுக்கு இதில் தன்னம்பிக்கை அதிகம். கையைக் காட்டி, ஒரு இடைவெளி பார்த்து ஓடுவார்கள். இங்கே அதுதான் ஆபத்து. ஸ்கூட்டர்கள் உங்களுக்காக நிற்பதில்லை. உங்கள் வேகத்தைப் பார்த்து, அதற்கேற்ப விலகிப் போகின்றன. ஒரே சீராக, மெதுவாக நடங்கள். நடுவில் நிற்காதீர்கள், பின்வாங்காதீர்கள். பஸ்ஸுக்கும் காருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்கு நீங்கள்தான் நிற்க வேண்டும்.

## செருப்பு

யாராவது உங்கள் காலையே பார்த்துக்கொண்டு வந்தால் நடையை நிறுத்தாதீர்கள். குனிந்து பசையைத் தடவி, கேட்காமலே தைத்து, அப்புறம்தான் விலை சொல்வார்.

## பழக்கூடைப் படம்

பழம் விற்பவர், படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று தன் கூடைத் தோள்கம்பை உங்கள் தோளில் வைக்க விடாதீர்கள். அப்புறம் பழத்தை உங்கள் தலையில் கட்டிவிடுவார். அன்னாசிப்பழத்துக்கு அந்த விலை கிடையாது.

## ரயில் தெரு

வீடுகளை ஒட்டியே தண்டவாளம் ஓடும் தெரு இது. போலீஸ் தடுப்பு போட்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். காபிக் கடைக்காரர் பின்வழியாக அழைத்துப்போகிறேன் என்று கை காட்டுவார். அங்கே ரயில் நிஜமாகவே வரும்.

## "நோ மீட்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவது

கறித்துண்டை எடுத்துவிடுவார்கள். எலும்பு வேகவைத்த சூப் அப்படியே இருக்கும், மீன் சாறும் அதில் இருக்கும். அவர்கள் மேல் தப்பில்லை, நீங்கள் கேட்டதைத்தான் செய்திருக்கிறார்கள். சைவர்கள் கடைப் பலகையில் 'சாய்' (chay) என்று போட்டிருக்கும் இடத்தைத் தேட வேண்டும். அது புத்த மத சைவச் சாப்பாடு. சந்திர மாதத்தின் 1-ஆம் நாளும் 15-ஆம் நாளும், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, இங்கும் நிறையப் பேர் கறி சாப்பிட மாட்டார்கள். அன்று சைவக் கடைகளில் கூட்டம் தாங்காது, கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் பூன் சாவை இரவுக்கு வைத்துக்கொண்டு ஏமாறாதீர்கள். கரியில் சுட்ட பன்றிக்கறியும் அரிசி நூடுல்ஸும் சேர்ந்த அது மதியச் சாப்பாடு. பதினொரு மணிக்குத் தெருவில் புகை கிளம்பும் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுங்கள். தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை இந்த ஊரில் யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. இருக்கும் ஸ்டூலில் உங்களையும் ஒருவராகச் சொருகிவிடுவார்கள்.

## நின் பின் என்னும் வெளியூரையும் அதே நாளில் திணிப்பது

வேண்டாம்.

## ஜனவரியில் டீ-ஷர்ட்டோடு வருவது

தென்கிழக்கு ஆசியா என்றாலே வெயில் என்று நினைத்து வருகிறார்கள். தெற்கே சைகோனில் அது சரி. ஹனோயில் குளிர்காலம் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும், கூடவே நாள் முழுக்கப் பிசுபிசுவென்று தூறல். சின்ன ஓட்டல்களில் அறைக்கு ஹீட்டர் இருக்குமென்று எதிர்பார்க்காதீர்கள். ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள். மறந்துவிட்டால் பழைய நகரத்தில் ஜாக்கெட் கடைகள் நிறைய இருக்கின்றன. அதில் பிராண்ட் பெயரை நம்ப வேண்டாம், ஜிப்பை மட்டும் இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.

## வார இறுதியில் ஏரிக்கரை ஓட்டலிலிருந்து விமானத்துக்குக் கிளம்புவது

வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றி வண்டிகளை விட மாட்டார்கள். நடக்க, பாட்டுக் கேட்க, ஐஸ்கிரீம் சாப்பிட அருமையான இடம். ஆனால் நீங்கள் ஆப்பில் கூப்பிட்ட கார் ஓட்டல் வாசலுக்கு வராது. தடுப்புக்கு வெளியே எங்கோ நின்றுகொண்டு டிரைவர் வியட்நாமிய மொழியில் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருப்பார். அந்தக் கூட்டத்துக்குள் பெட்டியை உருட்டிக்கொண்டு நீங்கள்தான் போக வேண்டும். எந்த முனையில் கார் நிற்கும் என்று ஓட்டல் வரவேற்பில் மதியமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோய் பாய் விமான நிலையத்துக்கு முக்கால் மணி நேரப் பயணம், அதற்கு மேல் அரை மணி சேர்த்துக் கிளம்புங்கள்.