'தந்தி'யைத் தேடுவோம்: பழைய பத்திரிகைகளில் ஒரு சொல்லின் தடம் பிடிப்பது எப்படி?

ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று அகராதி சொல்லிவிடும். அந்தச் சொல்லைக் கேட்டவர் பயந்தாரா, மகிழ்ந்தாரா, சும்மா கடந்துபோனாரா என்பதைப் பழைய பத்திரிகைதான் காட்டும். அதை எப்படித் தேடிப் படிப்பது என்று 'தந்தி' என்ற ஒரே சொல்லை வைத்துப் பார்ப்போம். இந்தியாவில் தந்திச் சேவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1855இல், நிறுத்தப்பட்டது 2013இல். இப்படித் தொடக்கமும் முடிவும் தெரிந்த சொல் முதல் முயற்சிக்கு மிகவும் ஏற்றது.

படி 1: முதலில் அகராதி

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை (1924–1936) திறந்துகொள்ளுங்கள். வீணையின் நரம்பும் தந்திதான், யானையும் தந்திதான். விநாயகருக்குத் தந்திமுகன் என்ற பெயர் வந்தது இரண்டாவதிலிருந்து. இரண்டும் வடமொழியின் வெவ்வேறு சொற்கள், தமிழ் எழுத்தில் ஒன்றுபோலத் தெரிகின்றன. நமக்கு வேண்டியது நரம்பு, கம்பி என்ற வழியில் வந்த தந்தி.

பழைய அகராதிகளைப் பார்க்கும்போது பதிப்பு ஆண்டைக் கவனியுங்கள். ஜெர்மன் பாதிரியார் பெப்ரீசியசின் தமிழ்–ஆங்கில அகராதி முதலில் வெளிவந்தது 1779இல். இணையத்தில் நாம் பார்ப்பது 1972இல் வந்த விரிவாக்கப் பதிப்பு. அதில் ஒரு பொருள் இருப்பதால் அது 18ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது என்று எழுதிவிடக் கூடாது.

படி 2: எந்தப் பத்திரிகை, எந்த ஆண்டு

யாழ்ப்பாணத்து உதயதாரகை 1841இல் தொடங்கியது, அதாவது தந்திச் சேவைக்கும் முன்னால். சுதேசமித்திரன் 1882இல் வார இதழாகத் தொடங்கி 1899இல் நாளிதழானது. பிறகு குடி அரசு (1925), ஆனந்த விகடன் (1926), தினமணி (1934). செய்தித்தாள் ஒன்று, கதை வெளியிடும் இதழ் ஒன்று என்று கலந்து எடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து இதழ்களுக்கு நூலகம் தளத்திலும் தேடலாம். நேரில் போக முடிந்தால் சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

படி 3: தேடுவது

புதியவர்கள் சோர்ந்துபோகும் இடம் இதுதான். எழுத்துணரி (பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தெடுக்கும் மென்பொருள், OCR) வழியாகத் தேடக்கூடிய உரையாக மாற்றிய கோப்பில் 'தந்தி' என்று மட்டும் தேடினால் 'சுதந்திரம்' வந்து கொட்டும். ஆம், அதற்குள்ளும் 'தந்தி' இருக்கிறது! 'தந்திரம்', 'தந்திருக்கிறார்' எல்லாம் கூடவே வரும். விடுதலைப் போராட்டக் காலத்து இதழ் என்றால் கேட்கவே வேண்டாம்.

அதனால் உருபோடும் துணைச்சொல்லோடும் சேர்த்துத் தேடுங்கள்: தந்தியில், தந்திகள், தந்தியடித்து, தந்தி மூலம், தந்திச் செய்தி. பழைய அச்சில் வரி முடிவில் இடைக்கோடு இல்லாமலே சொல் உடைந்து, 'தந்' ஒரு வரியிலும் 'தி' அடுத்த வரியிலும் நிற்கலாம். 'தந்திகளை' என்பதில் உள்ள ளை, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு யானைத் துதிக்கை போன்ற கொம்போடு அச்சாகும். எழுத்துணரி அதை வேறு எழுத்தாகப் படித்துவிடக்கூடும். ஆகவே தேடல் ஒன்றும் தரவில்லை என்றால் சொல் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். நான்கைந்து பக்கங்களைக் கண்ணால் படித்துப் பாருங்கள், அதுதான் என் வழக்கம்.

படி 4: குறித்துவைப்பது

இதழ், தேதி, பக்கம், முழு வாக்கியம். அப்புறம் அது செய்தியா, கதையா, விளம்பரமா என்ற குறிப்பு. முகப்பில் தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் கவனம் தேவை. அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும்.

படி 5: அக்கம்பக்கம் படிப்பது

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. எத்தனை முறை வந்தது என்று எண்ணுவதைவிட, பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறது என்று பாருங்கள். 'தந்தி அடித்தார்' என்றால் அனுப்பும் செயல். 'தந்தி கிடைத்தது' என்றால் கையில் இருக்கும் தாள். 'தந்தி இலாகா' என்றால் அரசுத் துறை. 'தந்திகள்' என்று செய்தித்தாளில் தலைப்பாகவே வந்தால் அங்கே பொருள் செய்தி. கம்பி வழியே வந்தது என்பதால் செய்திக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1942இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்திக்கு அப்பெயர் பொருந்தியதும் அதனால்தான்.

கதைகளில் இன்னொரு முகம் தெரியும். வாசலில் தந்திக்காரர் வந்து நின்றதும் வீட்டார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். உறையைப் பிரிக்கும் முன்பே அழுகை தொடங்கினால், அவசரச் செய்தி என்பதோடு சாவுச் செய்தி என்ற நிழலும் அந்தச் சொல்லின்மேல் விழுந்திருந்தது என்று புரியும். அந்த வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுக்காமல், முன்னும் பின்னும் இரண்டு பத்திகளைச் சேர்த்தே எழுதிவையுங்கள்.