ஆர் மொழியில் ஒரு ஃபங்ஷனின் நிரலைப் பார்ப்பது எப்படி?

புள்ளியியலுக்கான நிரல்மொழியான ஆர் மொழியைக் கற்கத் தொடங்கிய புதிதில், இரண்டு குழுக்களின் சராசரிகளை டி.டெஸ்ட் ஃபங்ஷன் கொண்டு ஒப்பிட்டேன். விடை பாடநூலோடு ஒத்துப்போகவில்லை. தரவை மூன்று முறை சரிபார்த்தும் பிழை அகப்படவில்லை. காரணம் அந்த ஃபங்ஷனின் நிரலுக்குள் இருந்தது. அந்த நிரலை, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கன்சோலை விட்டு வெளியேறாமலே பார்க்கலாம். (கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.)

முதலில் எளிய ஒன்று. திட்டவிலக்கம் கணக்கிடும் எஸ்டி என்ற பெயரை மட்டும் எழுதி என்டரை அழுத்துங்கள். அடைப்புக்குறி போட்டால் ஃபங்ஷனை இயக்கச் சொல்வதாகப் பொருள். போடாவிட்டால் அதன் நிரல் திரையில் வரும். மாறுபாட்டுக்கு வர்க்கமூலம் எடுப்பதைத் தவிர அது வேறொன்றும் செய்வதில்லை என்பது உடனே விளங்கும். கடைசி வரியில் உள்ள ஸ்டாட்ஸ், அது எந்தத் தொகுப்பை (பேக்கேஜ்) சேர்ந்தது என்பதைச் சொல்கிறது.

இனி டி.டெஸ்ட் என்று எழுதுங்கள். நிரலாக யூஸ்மெத்தட் என்ற ஒரே வரிதான் வரும். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கைவிடுகிறார்கள், விடாதீர்கள். கொடுக்கும் தரவின் வகையைப் பார்த்து, வேலையை வேறொரு ஃபங்ஷனிடம் ஒப்படைப்பதாக அந்த வரி சொல்கிறது. யாரிடம் என்று அறிய, மெத்தட்ஸ் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் டி.டெஸ்ட் என்று கொடுங்கள். டி.டெஸ்ட்.டிஃபால்ட், டி.டெஸ்ட்.ஃபார்முலா என்று இரண்டு பெயர்கள் நட்சத்திரக் குறியுடன் வரும். நட்சத்திரம் இருந்தால் தொகுப்புக்குள் மறைந்திருக்கிறது என்று பொருள்; பெயரை நேரடியாக எழுதினால் கிடைக்காது. கெட்எனிவேர் ஃபங்ஷனுக்குள் அந்தப் பெயரைக் கொடுங்கள். நடுவிலுள்ள 'ஏ' மட்டும் பெரிய எழுத்து. ஸ்டாட்ஸ் என்று எழுதி, மூன்று முக்காற்புள்ளியிட்டு (:::), பெயரைச் சேர்த்தாலும் போதும்.

முழு நிரலும் வந்துவிடும். தொடக்கத்திலேயே வேர்.ஈக்வல் என்பதற்கு ஃபால்ஸ் என்ற மதிப்பு இருப்பதைப் பாருங்கள். இரு குழுக்களின் மாறுபாடும் சமம் என்று ஆர் தானாகக் கருதுவதில்லை. அப்படிக் கருதாத வெல்ச் முறையைக் கையாள்கிறது. என் பாடநூலோ சமம் என்று கொண்டே கணக்கிட்டிருந்தது. ட்ரூ என்று மாற்றியதும் இரண்டு விடைகளும் பொருந்தின. உதவிப் பக்கத்திலும் இந்தக் குறிப்பு உண்டு. ஆனால் சுதந்திரப் பாகை (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்) எந்தச் சூத்திரத்தால் வருகிறது என்பதை நிரலில்தான் கண்ணால் கண்டேன்.

சம் என்று எழுதினால் மட்டும் ப்ரிமிட்டிவ் என்று நின்றுவிடும். அது சி மொழியில் எழுதப்பட்டது. ஆர் மொழியை வெளியிடும் கிரான் தளத்திலிருந்து அதன் மூல நிரலை இறக்கி, நேம்ஸ்.சி கோப்பில் சம் என்று தேடுங்கள். அதற்குரிய சி ஃபங்ஷனின் பெயர் அதே வரியில் இருக்கும்.