வாழைக்கும் வயலுக்கும் சாணி உரம்: தழைச்சத்தைக் காற்றில் விடாமல் இடுவது எப்படி?

தொழு உரம் (மக்கிய சாணி உரம்) இட்ட மண்ணிலிருந்து முக்கியமாக மூன்று வாயுக்கள் கிளம்பும். அம்மோனியா, உரம் இட்ட சில மணி நேரத்திலேயே போகத் தொடங்கும், மூக்கே சொல்லிவிடும். நைட்ரஸ் ஆக்சைடுக்கு அந்த நெடி இல்லை, யாருக்கும் தெரியாது. ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு பூமியைச் சூடாக்கும். மீத்தேன், தண்ணீர் கட்டி நிற்கும் வயலின் பிரச்சினை. முதல் இரண்டும் நீங்கள் காசு கொடுத்து இறக்கிய உரத்தின் தழைச்சத்து (நைட்ரஜன்) என்பதை மறக்க வேண்டாம்.

1. முதலில் கணக்கு

50 சென்ட் விளையில் (தோட்டத்தில்) 400 வாழை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூட்டுக்கு, அதாவது ஒரு வாழைக்கு, 10 கிலோ வீதம் 4 டன் தொழு உரம். மக்கிய உரத்தில் தழைச்சத்து சுமார் 0.5 சதவீதம், ஆக 20 கிலோ. ஆண்டுக்கு 1000 மி.மீ.க்கு மேல் மழை பெறும் வெப்பமண்டலப் பகுதிக்கு (நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் அப்படித்தான்) ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2019 வழிகாட்டியில் தந்த சராசரி, இட்ட தழைச்சத்தில் 0.6 சதவீதம். அதன்படி 120 கிராம் தழைச்சத்து நைட்ரஸ் ஆக்சைடாக மாறும். அதை 44/28ஆல் பெருக்கினால் வாயுவின் எடை கிடைக்கும்: 189 கிராம். கார்பன் டை ஆக்சைடு அளவில் 51 கிலோவுக்கு மேல்.

அதே வழிகாட்டி, அம்மோனியாவாகவும் மற்ற நைட்ரஜன் வாயுக்களாகவும் போவது சுமார் 21 சதவீதம் என்கிறது. உங்கள் 20 கிலோவில் 4 கிலோ! அதுவும் வேறெங்கோ மண்ணில் விழுந்து, ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகிறது.

கோழி எருவில் தழைச்சத்து 2 முதல் 3 சதவீதம் வரை இருக்கும். மூட்டுக்கு 2 கிலோவே 10 கிலோ சாணி உரத்துக்குச் சமம். சாணி இடும் அதே பெட்டிக் கணக்கில் கோழி எருவையும் தட்டுவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு.

2. உரம் மக்கியதா?

குவியலுக்குள் முழங்கை அளவு ஆழத்தில் கையை விடுங்கள். சூடு இருந்தால் இன்னும் வேலை நடக்கிறது. நன்கு மக்கியது கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும். அழுகல் நாற்றம் வந்தால் உள்ளே காற்று இல்லை, மீத்தேன் உண்டாகிறது என்று பொருள். புரட்டிப் போட்டு, மழை இறங்காதபடி முடைந்த ஓலையால் மூடுங்கள். புரட்டும்போது வெள்ளையாக, வளைந்து கிடக்கும் தடித்த புழுக்கள் வந்தால் பொறுக்கி அழித்துவிடுங்கள். தென்னையைக் கெடுக்கும் காண்டாமிருக வண்டின் புழுக்கள் அவை.

3. நாள் பார்ப்பது

இதில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்து காற்று இல்லாமல் போனால், நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மிச்சம் நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறும். சாணியில் உள்ள கரிமம் அவற்றுக்குத் தீனி. நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என இரண்டு பருவமழை. ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை வேறு. கனமழைக்கு முந்தின நாள் உரம் போடுவது இரட்டை நட்டம்: பாதி ஓடையில், பாதி காற்றில். இந்திய வானிலைத் துறை விவசாயிகளுக்குத் தரும் மேகதூத் செயலியில் ஐந்து நாள் முன்னறிவிப்பு பாருங்கள். பிறகு ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்துங்கள். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் பொறுத்திருங்கள். உருண்டையாகி, தட்டினால் உடைந்தால் அதுவே பதம்.

4. இடுவது

மாலையில் இடுங்கள், வெயிலும் காற்றும் அம்மோனியாவை விரட்டும். தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஒரு சாண் அகலத்தில் தடம் எடுத்து, உரத்தைப் பரப்பி, அந்த வாழையை முடித்த கையோடு மண் போட்டு மூடுங்கள். எல்லா மூட்டுக்கும் தட்டிவிட்டு மறுநாள் மூடலாம் என்று விடவே கூடாது. நான்கு விரல் ஆழம் போதும். வேரை வெட்ட வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும்: மூடினால் அம்மோனியா குறையும், ஆனால் மண்ணில் தங்கும் தழைச்சத்து கூடுவதால் நைட்ரஸ் ஆக்சைடு சற்றுக் கூடலாம். ஆகவே மூடியதால் மிச்சமான தழைச்சத்தின் அளவை யூரியாவில் குறைத்தே ஆக வேண்டும். யூரியாவையும் சாணியையும் ஒரே நாளில் இடாதீர்கள். இரண்டு, மூன்று வார இடைவெளி விடுங்கள்.

5. நெல் வயல்

நம் மாவட்டத்தின் இரண்டு நெல் பருவங்களான கன்னிப்பூ, கும்பப்பூ எதுவானாலும் பச்சைச் சாணியையும் வைக்கோலையும் நடவுக்குச் சற்று முன் சேற்றில் மிதிப்பது மீத்தேனை வெகுவாகக் கூட்டும். மக்கிய உரத்தைக் கடைசி உழவில் சேருங்கள்.

பிறகு காய்ச்சலும் பாய்ச்சலும்: வயலைக் காயவிட்டு, மறுபடி தண்ணீர் கட்டும் முறை. ஓர் அடி நீளக் குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, அந்தப் பாதியை மண்ணில் புதைத்து, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டுங்கள். பூக்கும் சமயத்தில் காயவிடக் கூடாது. மீத்தேன் ஏறக்குறைய பாதியாகும். நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் ஏறும், ஆனாலும் மொத்தக் கணக்கு பெரும்பாலும் லாபம்தான். பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை நம்பும் கடைமடை வயல்களில், அடுத்த முறை தண்ணீர் எப்போது வரும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே காயவிடுங்கள்.