ஏரிக்கரையில் ஓநாய்ச் சிலந்தி சிக்கிய விதம்

முதுகலை ஆய்வுக்கு உயிருள்ள ஓநாய்ச் சிலந்திகள் வேண்டும். பகலில் ஏரிக்கரைப் புல்லை விலக்கித் தேடினால், கால் வைத்ததுமே ஓடி ஒளிந்தன. ஓடும்போது தானாக உள்ளே விழட்டும் என்று வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி மண்ணில் டம்ளர் புதைத்தோம். அடியில் நீர் ஊறி டம்ளரையே மேலே தள்ளிவிட்டது. சரி என்று இரவில் டார்ச்சோடு போனோம். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை.

டார்ச்சை இடுப்பளவில் பிடிக்காமல் நெற்றிப்பொட்டோடு ஒட்டிப் பிடித்ததும் கரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள்! அப்பாடா என்றிருந்தது. சிலந்திக் கண்ணுக்குள் இருக்கும் படலம் ஒளியை வந்த வழியே திருப்புகிறது. அதனால் விளக்கு நம் கண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பனித்துளியும் மின்னும், ஆனால் தலையை அசைத்தால் நிறம் மாறும். பொடிப்பொடியாகப் பல புள்ளிகள் ஒரே இடத்தில் தெரிந்தால், குஞ்சுகளை முதுகில் சுமக்கும் தாய், அதைத் தொடாதீர்கள். மற்றவற்றை அகலவாய் பாட்டிலால் மூடி, அடியில் அட்டையைச் செருகி எடுத்தோம்.