தொழில், பணம், கணினி, அறிவியல் புனைகதை: இந்தப் புத்தகங்களைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலையில் கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்கோ ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்கோ போய்ப் பாருங்கள். தொழில், முதலீடு, தன்னம்பிக்கை என்று அடுக்கி வைத்திருக்கும் இடத்தில்தான் கூட்டம் நெருக்கியடிக்கும். பனியன் கம்பெனி நடத்துகிறவர்கள், விசைத்தறிக்காரர்கள், சரவணம்பட்டியில் ஐடி வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லோரும் அங்கே நிற்பார்கள். வாங்கிய புத்தகம் பிரிக்காமல் கிடந்தால் எனக்குப் பெரிய கவலை இல்லை, என்றைக்காவது யாராவது எடுத்துப் படிப்பார்கள். படித்துவிட்டுத் தவறாகப் பிடித்துக்கொள்வதுதான் கவலை. படித்ததைச் சூட்டோடு சூடாகத் தொழிலில் போட்டுப் பார்க்கிற ஊர் இது. தவறாகப் படித்தால் முதலே போய்விடும்.

இந்தத் தவறுகளில் முக்கால்வாசிக்கு வேர் ஒன்றுதான். இந்தப் புத்தகம் எந்த நாட்டில், எந்த ஆண்டில், எந்த நிலவரத்தில் எழுதப்பட்டது, எழுதிய பிறகு என்ன நடந்தது என்று கேட்காமலே படிக்கிறோம்.

தொழில் புத்தகங்களிலிருந்து தொடங்கலாம். ஜெயித்த கம்பெனியின் கதையைச் சமையல் குறிப்பு மாதிரி படிப்பதுதான் இங்கே பெரிய தவறு. ஜிம் காலின்ஸ் 2001ல் எழுதிய 'குட் டு கிரேட்' கோவை, திருப்பூர்த் தொழில் வட்டாரங்களில் அடிக்கடி காதில் விழும் பெயர். பதினைந்து ஆண்டுகள் பங்குச் சந்தையின் சராசரியைப் போல மூன்று மடங்குக்குக் குறையாமல் வருமானம் தந்த 11 அமெரிக்க கம்பெனிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குப் பொதுவாக என்ன குணம் இருந்தது என்று ஆராய்ந்த புத்தகம். அந்தப் பதினொன்றில் ஒன்றான சர்க்யூட் சிட்டி 2008 நவம்பரில் திவால் மனு கொடுத்தது. இன்னொன்றான ஃபேனி மே அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அரசின் பிடிக்குள் போனது. பெரிய கம்பெனிகள் எப்படிச் சரிகின்றன என்று காலின்ஸே 2009ல் தனியாக ஒரு புத்தகம் எழுதினார்.

அதற்காக முந்தைய புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அந்த ஆராய்ச்சி முறையில் உள்ள ஓட்டையைத் தெரிந்துகொண்டு படியுங்கள் என்கிறேன். ஜெயித்தவர்களை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு குணங்களைத் தேடினால், அதே குணங்களோடு தோற்றுப்போனவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். அப்புறம் இன்னொன்று. லாபம் வந்த பிறகு போய்க் கேட்டால் முதலாளியின் பிடிவாதம் 'தொலைநோக்கு' ஆகிவிடும். நஷ்டம் வந்த பிறகு கேட்டால் அதே பிடிவாதம் 'சொன்ன பேச்சுக் கேட்காத குணம்' ஆகிவிடும். ஃபில் ரோசன்ஸ்வீக் 2007ல் 'தி ஹேலோ எஃபெக்ட்' என்ற புத்தகத்தில் இதைத்தான் பக்கம் பக்கமாகக் காட்டினார். தொழில் புத்தகம் பத்து படிக்கிறவர் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வது நல்லது.

நம் ஊர்க் கதையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கோவை மில்கள் எப்படி வளர்ந்தன என்று கேட்டால், 'உழைப்பு, நாணயம், சிக்கனம்' என்று பதில் வரும். மூன்றும் உண்மை. ஆனால் கரிசல் மண்ணும், இங்கே நன்றாக வந்த கம்போடியா பருத்தியும், 1932ல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து வந்த மலிவான மின்சாரமும் சேர்ந்துதான் அந்த உழைப்பைக் காசாக்கின. கோவையில் ஸ்டேன்ஸ் மில் 1888லேயே வந்துவிட்டது. மில்கள் மளமளவென்று பெருகியதோ முப்பதுகளில். நாற்பது ஆண்டுகளாக உழைப்புக்கும் நாணயத்துக்கும் பஞ்சமா இருந்தது? எந்த வெற்றிக் கதையைப் படித்தாலும் 'இதில் பைக்காரா எது?' என்று நான் தேடுவேன். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லாத புத்தகத்தைப் பாதிதான் நம்புவேன்.

இதோடு ஒட்டிய தவறு, வெளிநாட்டுக் கதை மட்டும் படிப்பது. கலிபோர்னியாவில் கராஜில் கம்பெனி தொடங்கிய கதை நமக்கு மனப்பாடம். திருப்பூரைப் பற்றி ஷரத் சாரி எழுதி 2004ல் வந்த 'ஃபிரட்டர்னல் கேப்பிடல்' என்ற ஆய்வு நூல் இருப்பது திருப்பூரிலேயே பலருக்குத் தெரியாது. விவசாயக் குடும்பத்து ஆட்கள் தொழிலாளியாக உள்ளே வந்து முதலாளியான பாதையையும், 'என் உழைப்பில் வந்தேன்' என்ற பேச்சுக்குப் பின்னால் இருந்த சாதி, உறவு, கூட்டாளித் தொடர்புகளையும் அது ஆராய்கிறது. கடினமான ஆங்கிலம்தான், மெதுவாகப் போக வேண்டும். ஹரீஷ் தாமோதரன் 2008ல் எழுதிய 'இந்தியாஸ் நியூ கேப்பிடலிஸ்ட்ஸ்' கோவை நாயுடுகளையும் கவுண்டர்களையும் பற்றிப் பேசுகிறது. அது இதைவிட எளிது.

'நம்ம ஊருக்கு இதெல்லாம் ஒத்து வருமுங்களா?' என்று கேட்டு வெளிநாட்டுப் புத்தகங்களை மொத்தமாக ஒதுக்குவது இதற்கு நேர் எதிரான தவறு. எலியாஹு கோல்ட்ராட் என்ற இஸ்ரேல் இயற்பியலாளர் 1984ல் 'தி கோல்' என்று நாவல் வடிவில் ஒரு தொழிற்சாலைக் கதை எழுதினார். ஒரு ஆலையின் மொத்த உற்பத்தியை அதன் மிக மெதுவான கட்டம்தான் தீர்மானிக்கிறது, அங்கே இழக்கும் ஒரு மணி நேரம் ஆலை முழுவதும் இழக்கும் ஒரு மணி நேரம் என்பது அதன் சாரம். இதை ஒரு பனியன் கம்பெனிக்குள் நின்று பாருங்கள். ஓவர்லாக், பேட்லாக் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டே இருக்கும், செக்கிங் மேசைக்கு முன்னால் பீஸ் மலையாகக் குவிந்திருக்கும். முதலாளியோ ஷிப்மென்ட் தாமதமாகிறது என்று புதிதாக இரண்டு தையல் மிஷின் வாங்கிப் போடுவார். குவியல் இன்னும் கொஞ்சம் உயரும், பெட்டி எண்ணிக்கை கூடாது. எங்கே சரக்கு தேங்குகிறதோ அதற்கு அடுத்த இடத்தில் ஆள் போடுங்கள் என்று அந்த நாவல் சொல்வது திருப்பூருக்காகவே எழுதியது போல இருக்கும். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, நிட்டிங்கும் தையலும் தயாராக இருந்தும் ஊரே தடுமாறியது இதே கணக்குதான்.

அடுத்து பணம். இங்கே தவறு நம் வாய்க்கணக்கில் தொடங்குகிறது. எங்கள் பக்கம் வட்டியை நூற்றுக்கு மாதம் எவ்வளவு என்றுதான் சொல்வோம். ஒரு வட்டி என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம், ரெண்டு வட்டி என்றால் 24. அமெரிக்கப் பங்குச் சந்தை நீண்ட காலத்தில் ஆண்டுக்குச் சராசரி 10 சதவீத அளவில் தந்திருக்கிறது என்று முதலீட்டுப் புத்தகத்தில் படிக்கும்போது, 'ஒரு வட்டி கூட வரலீங்களே' என்று மூடி வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு லட்சத்தை ரெண்டு வட்டிக்கு விட்டால் மாதம் 2,000 ரூபாய். போட்ட ஒரு லட்சம் வட்டியாகவே கைக்குத் திரும்ப 50 மாதம் ஆகும். வாங்கியவர் இருபதாவது மாதம் கடையைச் சாத்திவிட்டால் கைக்கு வந்தது 40,000, போனது 60,000. அந்த 24 சதவீதம் என்பது முழுசாகத் திரும்பி வந்தால் மட்டும்தான் 24. பெஞ்சமின் கிரஹாம் 1949ல் வந்த 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' புத்தகத்தில் முதலீட்டுக்கு மூன்று நிபந்தனை வைக்கிறார்: தீர ஆராய்ந்திருக்க வேண்டும், முதலுக்குப் பாதுகாப்பு வேண்டும், போதுமான வருமானம் வேண்டும். வருமானம் மூன்றாவதாகத்தான் வருகிறது. அந்த வரிசைதான் புத்தகமே.

2012ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது மாட்டிக்கொண்டவர்களில் படிப்பறிவில்லாதவர்கள் மட்டும் இல்லை. மாதாமாதம் பராமரிப்புப் பணம், வருடக் கடைசியில் போனஸ் என்று வருமானம் மட்டும் தெளிவாக எழுதியிருந்தது. அந்த இறைச்சியையும் எண்ணெயையும் யார், என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்பதற்குப் பதில் இருக்கவில்லை. இப்படிப்பட்ட மோசடிகளை விசாரிக்க, 1997ம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி கோவையில் ஒரு சிறப்பு நீதிமன்றமே இருக்கிறது. பணப் புத்தகம் வாங்குகிற ஒவ்வொருவரும் இதையும் மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

அமெரிக்கப் பணப் புத்தகங்களில் இன்னொரு பொறி, கடன் பற்றிய அறிவுரை. 'வீட்டுக் கடனை அவசரப்பட்டு அடைக்காதே, அந்தப் பணத்தை முதலீடு செய்' என்று படிக்கிறோம். அங்கே 30 ஆண்டுக்கும் ஒரே வட்டி என்று கையெழுத்துப் போடுவது சாதாரணம். இங்கே பெரும்பாலும் மாறும் வட்டி. 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குத் தரும் கடனுக்கான வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கின்றன. 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. புத்தகத்தின் கணக்கு ஒரு வருடத்துக்குள் தலைகீழாகிவிட்டது. இப்படி ஒவ்வொரு அறிவுரையையும் நம் சட்டத்துக்கும் வரிக்கும் மாற்றி எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தில் கை வைக்க வேண்டும். ஓய்வுக்காலச் சேமிப்புக்கு அவர்கள் 401(கே) என்று சொல்லும் இடத்தில் நமக்கு இபிஎஃப், அதற்கு விதிகள் வேறு.

பத்து நிமிடச் சுருக்க வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு 'படித்துவிட்டேன்' என்பது பணப் புத்தகத்தில் ஆபத்து. சுருக்கத்தில் முதலில் வெட்டுப்படுவது 'இது எப்போது பலிக்காது' என்ற பகுதிதான்.

தொழில்நுட்பப் புத்தகங்களுக்கு வருவோம். இங்கே வயதைத் தப்பாகக் கணக்கிடுகிறோம். உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் ஏதோ ஒரு மென்பொருளின் பழைய பதிப்புக்கான தடித்த கையேட்டை விலை மலிவு என்று மாணவர்கள் வாங்கிப் போவார்கள். அது வீண். இந்திய மறுபதிப்பில் அச்சிட்ட ஆண்டு புதிதாக இருக்கும், உள்ளே விஷயம் பத்தாண்டு பழசாக இருக்கும். முதல் பதிப்பு ஆண்டையும், எந்த வெர்ஷன் என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். அதே கடையில் ஃபிரெட் புரூக்ஸ் 1975ல் எழுதிய 'தி மிதிக்கல் மேன்-மன்த்' கிடந்தால் 'அரதப் பழசு' என்று தள்ளிவிட்டுப் போவார்கள். அது இன்றைக்கும் உயிரோடு இருக்கும் புத்தகம்.

ஐபிஎம் கம்பெனியின் பெரிய மென்பொருள் வேலையை நடத்திய அனுபவத்தில், தாமதமான மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்றார் புரூக்ஸ். ஐந்து பேர் இருந்தால் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள 10 ஜோடிகள். பத்துப் பேர் ஆனால் 45. புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர் வேலையை நிறுத்த வேண்டும். ஆள் சேர்த்தால் வேகமாக முடியும் வேலைக்கு அவர் தரும் உதாரணங்களில் ஒன்று, வயலில் பருத்தி எடுப்பது! பருத்தியிலும் தையலிலும் வளர்ந்த நம் முதலாளிகள் கணினிக் கம்பெனி தொடங்கும்போது சறுக்கும் இடமும் இதுதான். ஆர்டர் அவசரம் என்றால் பக்கத்து யூனிட்டிலிருந்து பத்து டெய்லரைக் கூட்டி வந்து இரவு ஷிப்டில் முடித்த பழக்கம், மென்பொருளில் செல்லாது. மனிதர்கள் சேர்ந்து வேலை செய்வதைப் பற்றிய தொழில்நுட்பப் புத்தகம் எளிதில் பழசாவதில்லை.

கடைசியாக அறிவியல் புனைகதை. தொழில் செய்கிறவர்கள் இதை 'கதைதானே' என்று ஒதுக்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். படிக்கிற சிலரும் ஆருடம் பார்ப்பது மாதிரி, எது பலித்தது எது பலிக்கவில்லை என்று மதிப்பெண் போடுகிறார்கள். ஆர்தர் கிளார்க் செயற்கைக்கோளைக் கதையில் முன்பே சொல்லிவிட்டார் என்பார்கள். பூமியோடு சேர்ந்து சுற்றும் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் யோசனையை அவர் 1945ல் 'ஒயர்லெஸ் வேர்ல்டு' இதழில் தொழில்நுட்பக் கட்டுரையாகத்தான் எழுதினார். அறிவியல் புனைகதை எதிர்காலத்தைக் கணிப்பதில்லை, இருப்பதை விவரிக்கிறது என்று உர்சுலா லெ குவின் தன் நாவல் ஒன்றுக்கு 1976ல் எழுதிய முன்னுரையில் தெளிவாகவே சொன்னார்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நம் எல்லோருக்கும் தெரியும். கேட்டால் ஜீனோ என்ற ரோபோ நாய்தான் ஞாபகம் வரும். அந்த நாவலில் பெயர்களெல்லாம் இரண்டே எழுத்து. குழந்தை பெற அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். நிலா என்ற பெண்ணின் கணவன் சிபி காணாமல் போகிறான். ஜீவா என்ற தலைவரின் படத்தைத் தெய்வம் போல எல்லோரும் பார்க்கிறார்கள். ஜீனோவை ரசித்துவிட்டு ஜீவாவை மறந்தால் பாதி நாவலைத்தான் படித்திருக்கிறோம். ஒரு தரவு எங்கே சேர்கிறது, அதை யார் வைத்திருக்கிறார்கள் என்று இன்றைக்கு ஒரு தொழில்முனைவோர் கேட்க வேண்டிய கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது.

சுஜாதாவோடு நின்றுவிடுவதும் தவறுதான். ஜெயமோகனின் 'விசும்பு' சிறுகதைகள் நம் மண்ணின் மருத்துவத்தையும் மெய்யியலையும் எடுத்துக்கொண்டு வேறு திசையில் போகின்றன. சீனாவில் ஒரு மின் நிலையத்தில் கணினிப் பொறியாளராக இருந்த லியு சிஷின் எழுதி, 2015ல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது வாங்கிய 'தி த்ரீ-பாடி ப்ராப்ளம்' ஆங்கிலத்தில் கிடைக்கிறது. அதன் முதல் அத்தியாயங்கள் கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் நடக்கின்றன. வேற்றுக்கிரகம் எப்போது வரும் என்று அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். கதையில் வரும் பெண் விஞ்ஞானி பின்னால் எடுக்கும் முடிவுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் சிறுகதைகளை எடுக்கலாம், உடுமலையிலிருந்து கோவை வரும் பேருந்துப் பயணத்துக்குள் ஒன்றிரண்டு முடிந்துவிடும்.