கொலுசு போட்டோ எடுக்கிற விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) பசங்களுக்கு

கமர்ஷியல் போட்டோகிராபி படிக்கிற சேலத்துப் பசங்க போர்ட்ஃபோலியோவுக்கு ஏற்காடு வ்யூ பாயிண்டையே சுத்தாம வெள்ளிக் கொலுசு செய்யுற செவ்வாப்பேட்டை பக்கம் போய் ஒரு ஜோடி கொலுசு கேட்டு வாங்கி எடுத்துப் பாருங்கப்பா, லைட்டிங் அதுலதான் புரியும். வெள்ளி கண்ணாடி மாதிரி, எதிர்ல இருக்குறத அப்படியே காட்டும், என் மொத ஷாட்ல ஒவ்வொரு முத்துலயும் என் சிவப்பு டீசர்ட்தான்! நேரா ஃப்ளாஷ் அடிக்காதீங்க. சுத்தி ட்ரேசிங் பேப்பர் கட்டி, வெளிய இருந்து லைட் விடுங்க, ஆனா வெறும் வெள்ளையா இருந்தா கொலுசு சப்புனு பிளாஸ்டிக் மாதிரி ஆயிடும், அதனால ஃப்ரேமுக்கு வெளிய ரெண்டு பக்கமும் கருப்பு சார்ட் துண்டு நிறுத்துனா ஓரம் கருப்பு கோடா எழும்பி நிக்கும். கேமராவ ட்ரைபாட்ல நிறுத்தி, அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப் 11, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான சென்சிட்டிவிட்டி) 100 வெச்சுக்குங்க. ரூம் ட்யூப்லைட்ட அணைச்சுடுங்க, இல்லனா கலர் கலந்து வெள்ளி பச்சையடிக்கும். கைரேகை படாம பிடிங்க, எடிட்டிங்ல அத அழிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும்.