கற்பனை உலகத்துக்கு வானம் அமைப்பது எப்படி

புதிய உலகம் ஒன்றை உருவாக்கிக் கதை எழுத உட்கார்ந்தால், வரைபடமும் அரச வம்சமும் அப்புறம் இருக்கட்டும், முதலில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி வையுங்கள்: உங்கள் உலகத்தில் கிரகணம் எதனால் வருகிறது? பாம்பு விழுங்குவதாலா, நிழல் விழுவதாலா, இல்லை, நிழல் விழுவதைத்தான் ஜனங்கள் பாம்பு என்று நம்புகிறார்களா?

மூன்றும் வேறு வேறு உலகங்கள். பாம்பு நிஜம், பசித்தபோது விழுங்கும் என்றால் கிரகணத்தை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, அந்த ஊரில் சோதிடருக்கு வேலையே இல்லை, பாம்பைச் சாந்தப்படுத்தத் தெரிந்த பூசாரிக்குத்தான் மரியாதை. நிழல் என்றால் சந்திர கிரகணம் பௌர்ணமியன்றும் சூரிய கிரகணம் அமாவாசையன்றும் மட்டும்தான் வரும், கணக்குத் தெரிந்தவர் கை ஓங்கும். மூன்றாவது வகைதான் நம் பஞ்சாங்கம்: ராகு, கேது என்ற பேரும் உண்டு, கணிதமும் உண்டு. 1825இல் புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளை அடுக்கி, மனப்பாட வாய்பாடுகளை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார், அதைச் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். வேலூர் பக்கத்தில் விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் போனாலும் இதே சங்கதிதான். சிவன் முடியைத் தேடிப் போய்ப் பொய் சொன்ன பிரம்மா இங்கே வந்து பிறந்தார் என்பது தலபுராணம், அதே கோயிலில் சூரிய நிழலை வைத்து மணி பார்க்கும் கல்லும் இருக்கிறது. ரெண்டும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை.

சரி, புராண வானம்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். அப்படியானால் அதைக் கடைசிவரை நம்புங்கள். நடுவில் மேரு, அதைச் சூரியன் சுற்றுகிறது, மலை மறைக்கும்போது இரவு என்று வைத்துக்கொள்வோம். மலையடியில் இருக்கும் ஊருக்கு வானத்தில் கிட்டத்தட்ட பாதியை மலையே அடைத்துக்கொள்ளும், அதனால் நீண்ட இரவு. தூரத்துக் கடலோர ஊருக்கு மலை ஒரு விரல் அகலம்தான் தெரியும், இரவு வந்த வேகத்தில் போய்விடும். அப்போது விளக்கெண்ணெய் எந்த ஊரில் விலை அதிகம்? எந்த ஊர்க் குழந்தை இருட்டுக்குப் பயப்படும்? திசை கேட்டால் கிழக்கு மேற்கு என்றா சொல்வார்கள், மலைப்பக்கம், கடல்பக்கம் என்றுதானே! சூரியன் அடிவானத்தில் இறங்குவதே கிடையாது என்பதால் "செவ்வானம் மறைந்தது" என்று பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள். இந்த மாதிரி விளைவுகளைத் துரத்திக்கொண்டு போவதுதான் உலகம் உருவாக்குவதில் எனக்குப் பிடித்த வேலை, கதையின் பாதிச் சம்பவங்கள் இங்கிருந்தே கிடைத்துவிடும்.

நம் வானத்தையே அப்படியே எடுத்துக்கொள்பவர்களுக்கு நிலாதான் ஆபத்து. மூன்றாம் பிறை பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் மேற்கே மறைந்துவிடும், அதை நள்ளிரவில் உச்சியில் நிறுத்தினால் கவனமான வாசகர் அங்கேயே உங்களைக் கைவிட்டுவிடுவார். மின்விளக்கு இல்லாத உலகத்தின் இரவு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் ஒரு அமாவாசையன்று ஜவ்வாது மலைப் பக்கம் போய் நில்லுங்கள், அங்கே காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை வைத்ததற்கு அந்த இருட்டும் ஒரு காரணம்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: கதை முழுக்கச் சாபம் என்று சொல்லிவிட்டுக் கடைசி அத்தியாயத்தில் நிலநடுக்கம்தான் காரணம் என்று விளக்குவது. சாபத்தால் ஆறு மறைந்தது என்றால் சாபத்தாலேயே மறையட்டும். அறிவியலை அதற்கு அடுத்த கட்டத்தில் வையுங்கள். பாலாற்றைப் பாருங்கள், மேலே வெறும் மணல், தோண்டினால் ஊற்று. உங்கள் ஆறும் மணலுக்கடியில் ஓடட்டும், கோடை ஏற ஏற ஊற்று ஆழமாகப் போகட்டும், முதல் ஆளாக விடியற்காலையில் வந்து தோண்டியவளுக்குத் தெளிந்த தண்ணீர், வெயில் ஏறி வந்தவளுக்குக் கலங்கல் என்று எழுதுங்கள்.